மலைத்தோட்டத்து மசாலைத் தூள்



கோலா தெர்லாவில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் வெயிலை நம்பி எதனையும் காயவைக்க இயலாது. காலையில் பனிமூட்டம், பிற்பகலில் மழை. தீபாவளிக்கு மசாலைத் தூள் தயாரிக்க வேண்டியதும் பெரும்பாலும் அப்போதுதான். கீழே இரப்பர்த் தோட்டங்களில் மல்லியையும் மிளகாயையும் பாய்விரித்து வெயிலில் உலர்த்துவர். எங்கள் அம்மாவோ, கவாத்து செய்த தேயிலைக் குச்சிகளை எரித்து, வாணலியில் ஒவ்வொன்றாக ஈரம் போகும்வரை வறுப்பார். முதலில் மல்லி, பிறகு சீரகம், சோம்பு, மிளகு. மிளகாய் இறுதியில்தான். அதன் நெடியில் லயமே இருமும்.

சென்ற ஆண்டு வகுப்பில் ஒரு மாணவன், "டீச்சர், மிளகாய் நம் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து கொண்டு வந்ததுதானே?" என்று கேட்டான். பாதி உண்மை. மிளகாயின் தாயகம் அமெரிக்கக் கண்டம். 1492-இல் கொலம்பஸ் அங்குச் சென்ற பின்னரே அது உலகெங்கும் பரவியது. இந்தியாவுக்குப் போர்த்துக்கீசியர் வழி வந்தது. அதற்கு முன் தமிழர் சமையலுக்குக் காரம் தந்தது மிளகு. சங்க இலக்கியத்தில் 'கறி' என்ற சொல்லே மிளகைக் குறித்தது. புதிதாக வந்த காய்க்கும் மிளகின் பெயரையே ஒட்டி 'மிளகாய்' என்றனர்.

ஏனையவையும் ஓரிடத்துப் பொருள்கள் அல்ல. மல்லியும் சீரகமும் மத்தியதரைக் கடல், மேற்கு ஆசியப் பகுதிகளைச் சார்ந்தவை. கிராம்பு மலுக்கு தீவுகளுடையது. அன்னாசிப்பூ தென்சீனத்தையும் வட வியட்நாமையும் சேர்ந்தது. கறித்தூளைக் கடைச்சரக்காக்கியதுகூட அண்மைக்காலச் செய்தியன்று. 1784-இலேயே லண்டன் பிக்கடிலியில் ஒரு நறுமணப் பொருள் கடை அதனை விளம்பரப்படுத்தியது!

இம்மலைக்கு வில்லியம் கேமரன் 1885-இல் நில அளவைக்காக வந்தார். 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். கங்காணி முறையில் மலாயாவுக்கு ஆள்சேர்ப்பது 1938-இல் முடிவுற்றது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் இந்தியாவுடனான கடல் வணிகம் அறுந்தது. மரவள்ளிக் கிழங்கே உணவான அந்நாள்களில் உப்பும் காட்டுமிளகாயும் வைத்து அம்மியில் அரைத்ததே குழம்புக்கு மசாலை என்று பாட்டி சொல்வார்.

அம்மா அளந்தது பால் டின்னால். பத்து டின் மல்லிக்கு ஐந்து டின் மிளகாய் என்பது நினைவிருக்கிறது. சீரகமும் சோம்பும் எவ்வளவு என்பதை நான் எழுதி வைக்கவில்லை. ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பாடக்குறிப்பு எழுதப் பழகிய எனக்கு, இதற்கு ஒரு தாள் எடுக்கத் தோன்றவில்லையே! அவர் மறைந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அரைத்துத் தந்த ஆலையும் மூடப்பட்டுவிட்டது.

சின்னம்மாவிடம் கேட்டேன். "ஒரு டின் சீரகம், ஒரு டின் சோம்பு, அரை டின் மிளகு. அன்னாசிப்பூவை உங்கம்மா தொட்டதே இல்லை" என்றார். எனக்கோ, வாணலியில் அந்தப் பூவை எண்ணிக்கொண்டே போட்டது கண்முன் நிற்கிறது. இந்தத் தீபாவளிக்கு இரண்டு விதமாகவும் வறுத்து, இரண்டு போத்தல்களில் நிரப்பி, சின்னம்மாவுக்கு அனுப்பியிருக்கிறேன்.