ஸ்கோர் கொப்பி யாருடைய கையில்?



போன பெருநாள் சுற்றுப்போட்டியின் கடைசி மெட்சில் நடந்த வாக்குவாதம் நம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஒரு ஓட்டம் கூடவா, குறைவா என்று இரு அணியும் மோதிக்கொண்டோம். இருந்ததோ ஒரே ஒரு கொப்பி. காலையிலிருந்து வெயிலில் தனியாக எழுதிக் களைத்திருந்த தம்பியைத்தான் கடைசியில் எல்லோரும் ஏசினோம். அன்று அவர் ஒரு பந்துகூட விளையாடவில்லை. அதன் பிறகு அவர் மைதானத்துப் பக்கமே வரவில்லை.

உண்மையில் இது கிரிக்கெட்டுக்குப் புதிய சிக்கல் அல்ல. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெரும்பாலும் ஸ்கோரைக் கொப்பியில் எழுதுவதில்லை. மைதான ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு தடியில் கத்தியால் வெட்டு போடுவார். அதனால் ஓட்டத்தையே 'வெட்டு' என்ற பொருளில் 'நொட்ச்' என்றுதான் அன்று அழைத்தார்கள்.

சுமை ஒருவர் தலையில் விழக்கூடாது என்பதை விதிகள் ஆரம்பத்திலேயே கவனித்தன. 1744இல் எழுதப்பட்ட விதிகளின்படி நடுவர்கள் இருவர். ஒவ்வொருவரும் தத்தமது விக்கெட் பக்கத்துக்கு மட்டுமே பொறுப்பு. இன்றைய விதிகளில் ஸ்கோரர்களும் இருவர். இருவரும் அடிக்கடி கணக்கை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நடுவர் கை காட்டினால், கண்டுகொண்டோம் என்று பதிலுக்குச் சைகை காட்டவும் வேண்டும். அணிக்கு ஒருவர் என்பது கழக மட்டப் போட்டிகளின் வழக்கம். இரண்டு கொப்பி இருந்தால் பிழை அந்த ஓவரிலேயே தெரிந்துவிடும். கடைசி ஓவரில் சண்டை வராது.

ஒரே ஆள் சுமந்த கதையும் உண்டு. பில் ஃபெர்கசன் என்பவர் 1905இல் அவுஸ்திரேலிய அணியோடு இங்கிலாந்து போனார். ஸ்கோர் எழுதுவதும் அவரே, வீரர்களின் பெட்டிகளைப் பார்த்துக்கொள்வதும் அவரே. பல நாட்டு அணிகளோடு ஏறத்தாழ அரை நூற்றாண்டு அந்த வேலையைச் செய்தார். ஆனால் அது அவருடைய தொழில். அதற்குச் சம்பளம் கிடைத்தது. நம் தம்பிக்கு நாம் கொடுத்தது ஏச்சு மட்டும்தான்.

ஆகவே இம்முறை இப்படிச் செய்வோம். விளையாடும் இரு அணியும் ஆளுக்கொரு ஸ்கோரரைத் தர வேண்டும். அடுத்த மெட்சுக்குக் காத்திருக்கும் அணி இரண்டு நடுவர்களைத் தர வேண்டும். கெப்டனுக்கும் முறை உண்டு, நட்சத்திர வீரருக்கும் முறை உண்டு. பெயர்ப் பட்டியலை முதல் பந்துக்கு முன்பே ஒட்டிவிடுவோம்.

அதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நாம் எல்லோரும் அந்தத் தம்பியின் வீட்டுக்குப் போய், இம்முறை மட்டையோடு வரச் சொல்வோம்.