சாந்தா கிளாரா கவுண்டியின் இன அமைப்பு

சாந்தா கிளாரா கவுண்டி ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் தெற்கே அமைந்துள்ள ஒரு கவுண்டி ஆகும். கவுண்டி என்பது மாநிலத்தின் உட்பிரிவாகும். இந்தியாவின் மாவட்டத்துடன் இதனை ஒப்பிடலாம். இதன் தலைமையிடம் சான் ஹொசே. சிலிக்கான் பள்ளத்தாக்கின் பெரும்பகுதி இக்கவுண்டியில் அடங்கும். 2020ஆம் ஆண்டின் கணக்கெடுப்புப்படி இங்கு 19,36,259 பேர் வாழ்ந்தனர். இவர்களுள் எந்த இனத்தவரும் பாதிக்கு மேல் இல்லை. ஏறத்தாழ ஐவரில் இருவர் வெளிநாட்டில் பிறந்தவர்கள்.

இக்கவுண்டியின் இன விகிதங்கள் குடிப்பெயர்வால் மட்டும் மாறவில்லை. ஒருவரை எந்த இனத்தில் சேர்ப்பது என்னும் விதியும் காலந்தோறும் மாறி வந்துள்ளது. ஆகவே வெவ்வேறு காலப் புள்ளிவிவரங்களை ஒப்பிடும்போது இரண்டையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

கணக்கெடுக்கும் முறை

ஐக்கிய அமெரிக்காவில் பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. 1960க்கு முன்னர் ஒருவரின் இனத்தைப் பெரும்பாலும் வீட்டுக்கு வந்த கணக்கெடுப்பாளரே பார்த்து எழுதினார். பின்னர் மக்களே தம் இனத்தைக் குறிப்பிடும் முறை வந்தது. ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களைக் குறிப்பிடலாம் என்னும் விதி 2000ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது.

2020 வரை இனம் ஒரு வினாவாகவும், எசுப்பானிய வழியினரா என்பது மற்றொரு வினாவாகவும் கேட்கப்பட்டன. மெக்சிக்கோ முதலிய இலத்தீன் அமெரிக்க நாடுகளையோ எசுப்பானியாவையோ பூர்வீகமாகக் கொண்டவர்கள் எசுப்பானிய வழியினர் எனப்படுவர். இவர்கள் எந்த இனத்தைச் சேர்ந்தவராகவும் இருக்கலாம். எனவே கீழ்வரும் பட்டியலில் பிற வகைகள் யாவும் எசுப்பானிய வழியினர் அல்லாதவர்களை மட்டுமே குறிக்கின்றன.

2020ஆம் ஆண்டின் விகிதங்கள் (முழு எண்ணாக்கப்பட்டவை)

ஆசியர் - 39%
வெள்ளையர் - 29%
எசுப்பானிய வழியினர் - 25%
இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இனத்தவர் - 4%
கறுப்பினத்தவர் - 2%
தொல்குடி அமெரிக்கர், பசிபிக் தீவினர் - ஒவ்வொன்றும் 1 விழுக்காட்டுக்குக் குறைவு

1990இல் வெள்ளையர் ஏறத்தாழ 58 விழுக்காட்டினராக இருந்தனர். 2000இல் அவர்கள் 44 விழுக்காடாகவும், 2010இல் 35 விழுக்காடாகவும் குறைந்தனர்.

வரலாறு

தொல்குடிகள்

இப்பகுதியின் தொல்குடிகள் ஓலோனி மக்கள். 1777ஆம் ஆண்டில் எசுப்பானியர் இங்கு சாந்தா கிளாரா சமயப் பரப்பு நிலையத்தையும், சான் ஹொசே குடியிருப்பையும் நிறுவினர். நிலையங்களுக்குள் கொண்டுவரப்பட்ட ஓலோனி மக்களில் பலர் நோயாலும் கடும் வாழ்க்கை முறையாலும் இறந்தனர். 1925இல் மானிடவியலாளர் ஆல்பிரட் குரோபர் தமது கையேட்டில், இம்மக்கள் நடைமுறையில் அழிந்துவிட்டனர் என்று எழுதினார். ஆனால் அவர்களின் வழித்தோன்றல்கள் அப்போதும் விரிகுடாப் பகுதியில் வாழ்ந்து வந்தனர், இன்றும் வாழ்கின்றனர். முவெக்மா ஓலோனி குழுவினர் கூட்டரசின் ஏற்பைப் பெறப் பல பத்தாண்டுகளாக முயன்று வந்துள்ளனர்.

மெக்சிக்கர்

சான் ஹொசேயின் முதற் குடியேறிகள் எசுப்பானியர், தொல்குடியினர், ஆப்பிரிக்கர் ஆகியோரின் கலப்பு வழிவந்தவர்கள். 1821 முதல் மெக்சிக்கோவின் ஆட்சியில் இருந்த கலிபோர்னியா, 1848ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி ஐக்கிய அமெரிக்காவின் கைக்கு வந்தது. 1850இல் சாந்தா கிளாரா கவுண்டி அமைக்கப்பட்டது.

1930ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மட்டும் 'மெக்சிக்கர்' ஒரு தனி இனமாகக் கொள்ளப்பட்டது. 1940இல் அவர்கள் மீண்டும் வெள்ளையராகக் கணக்கிடப்பட்டனர். இதனால் ஒரே குடும்பம் இடம் பெயராமலேயே இரு கணக்கெடுப்புகளில் இரு இனங்களாகப் பதிவாக முடிந்தது. பழத்தோட்டங்களிலும் பழம் பதனிடும் ஆலைகளிலும் உழைத்த மெக்சிக்கர் பலர் கிழக்குச் சான் ஹொசேயில் குடியேறினர். அங்குள்ள 'சால் சி புவேதெசு' என்ற பகுதியின் பெயருக்கு 'முடிந்தால் வெளியேறு' என்பது பொருள். தொழிற்சங்கத் தலைவர் சேசர் சாவேசு 1952இல் தமது பொதுவாழ்வை இங்குதான் தொடங்கினார்.

சீனரும் யப்பானியரும்

19ஆம் நூற்றாண்டில் சீனர் தொடர்வண்டிப் பாதைகளிலும் பண்ணைகளிலும் உழைத்தனர். 1882இல் சீனத் தொழிலாளர் வருகையைத் தடுக்கும் கூட்டரசுச் சட்டம் இயற்றப்பட்டது. 1887 மே மாதத்தில் சான் ஹொசேயின் சீனர் குடியிருப்பு தீவைத்து எரிக்கப்பட்டது. செருமனியிலிருந்து வந்த யோன் ஐன்லென் என்பவர், எதிர்ப்பைப் பொருட்படுத்தாது தம் நிலத்தைச் சீனருக்குக் குத்தகைக்கு விட்டார். அங்கு உருவான ஐன்லென்வில் 1931 வரை நீடித்தது. சீனருக்கு இழைக்கப்பட்ட அநீதிகளுக்காகச் சான் ஹொசே நகராட்சி 2021இல் முறையாக மன்னிப்புக் கோரியது.

ஐன்லென்வில்லை ஒட்டி யப்பானியர் குடியிருப்பு வளர்ந்தது. குடியுரிமை பெறத் தகுதியற்ற வெளிநாட்டவர் விளைநிலம் வாங்குவதை 1913ஆம் ஆண்டுக் கலிபோர்னியச் சட்டம் தடுத்தது. 1942இல், குடியுரிமை பெற்றிருந்தோர் உட்பட, இங்கிருந்த யப்பானிய வழியினர் முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களில் பலர் வயோமிங் மாநிலத்தின் ஆர்ட் மவுண்டன் முகாமில் அடைக்கப்பட்டனர். அங்கு சிறுவனாக இருந்த நார்மன் மினெட்டா 1971இல் சான் ஹொசே நகரத் தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். முகாம்களில் அடைக்கப்பட்டோருக்கு மன்னிப்பும் இழப்பீடும் வழங்கிய 1988ஆம் ஆண்டுச் சட்டம் நிறைவேற அவர் பெரிதும் பாடுபட்டார்.

கறுப்பினத்தவர்

கவுண்டியில் கறுப்பினத்தவர் என்றும் சிறுபான்மையினராகவே இருந்துள்ளனர். பல குடியிருப்புகளின் வீட்டுப் பத்திரங்களில் வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கலாகாது என்ற நிபந்தனை இருந்தது. அத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றக் கூடாது என 1948இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் வீடு விற்போரின் பாகுபாடு தொடர்ந்தது. 1955இல் போர்டு நிறுவனத்தின் வாகன ஆலை ரிச்மண்டிலிருந்து மில்பிட்டஸுக்கு மாற்றப்பட்டபோது, கறுப்பினத் தொழிலாளருக்கு அருகில் வீடு கிடைக்கவில்லை. இதனால் வாகனத் தொழிலாளர் சங்கத்தின் முயற்சியில், அனைத்து இனத்தவரும் வாழும் சன்னிஹில்ஸ் குடியிருப்பு உருவானது. அதன் அமைப்பாளருள் ஒருவரான பென் கிராஸ் என்ற கறுப்பினத்தவர் 1966இல் மில்பிட்டஸின் நகரத் தந்தையானார்.

1965க்குப் பின்னர்

1950இல் 2,90,547 ஆக இருந்த மக்கள்தொகை, மின்னணுத் தொழிலின் வளர்ச்சியால் 1970இல் 10 இலட்சத்தைத் தாண்டியது. நாடுவாரி ஒதுக்கீட்டை நீக்கிய 1965ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் ஆசியருக்கு வழி திறந்தது. 1975இல் சைகோன் வீழ்ந்த பின்னர் வியட்நாமிய ஏதிலிகள் பெருந்தொகையாக வந்தனர். 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான எச்-1பி நுழைவிசைவின் வழியாக இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் பொறியாளர்கள் வந்தனர்.

இந்தியரின் வகைப்பாடு

இந்தியரின் நிலை, இன வகைகள் எவ்வாறு மாறின என்பதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். 1920, 1930, 1940 ஆகிய கணக்கெடுப்புகளில், எச்சமயத்தவராயினும், அவர்கள் 'இந்து' என்ற இனத்தில் சேர்க்கப்பட்டனர். கலிபோர்னியாவுக்கு வந்திருந்த இந்தியரில் பெரும்பாலோர் சீக்கியர் என்பது குறிப்பிடத்தக்கது. 1923இல் பகத் சிங் திண்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தியர் வெள்ளையர் அல்லர் என்றும், குடியுரிமை பெற இயலாது என்றும் தீர்ப்பளித்தது. 1946ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வுரிமையை வழங்கியது. 1970ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியர் வெள்ளையராகக் கணக்கிடப்பட்டனர். இந்திய அமைப்புகளின் கோரிக்கைக்குப் பின், 1980 முதல் 'ஆசிய இந்தியர்' என்ற தனி வகை இடம்பெற்றது.

தமிழர் எத்தனை பேர் என்பதை இனவினாவின் பொதுப் பட்டியலிலிருந்து அறிய இயலாது. இந்தியத் தமிழர் 'ஆசிய இந்தியர்' வகையிலும், இலங்கைத் தமிழர் பெரும்பாலும் 'இலங்கையர்' என எழுதப்பட்டு 'பிற ஆசியர்' வகையிலும் அடங்குவர். வீட்டில் பேசும் மொழி, அமெரிக்கச் சமுதாய அளவாய்வு என்னும் வேறொரு மாதிரிக் கணக்கெடுப்பில் கேட்கப்படுகிறது.

ஆசியருள் வேறுபாடு

2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கவுண்டி மக்கள்தொகையில் சீனர் 8.6%, வியட்நாமியர் 7.1%, இந்தியர் 6.6%, பிலிப்பினர் 4.9%, கொரியர் 1.6%, யப்பானியர் 1.4% இருந்தனர். இவர்கள் ஏதிலிகளாகவும், பொறியாளர்களாகவும், பல தலைமுறைகளாக வாழ்பவர்களாகவும் இருப்பதால் கல்வியிலும் வருமானத்திலும் பெரிதும் வேறுபடுகின்றனர். வாழிடமும் சீராக இல்லை. 2010இல் கூப்பர்ட்டினோ, மில்பிட்டஸ் நகரங்களில் ஆசியர் 60 விழுக்காட்டுக்கு மேல் இருந்தனர். தெற்கே வேளாண் நகரான கில்ராயில் எசுப்பானிய வழியினர் ஏறத்தாழ 58% இருந்தனர்.

புள்ளிவிவரங்களின் பயன்பாடு

வாக்குரிமைச் சட்டத்தின் 1975ஆம் ஆண்டுத் திருத்தம், போதிய எண்ணிக்கையில் உள்ள சிறுபான்மை மொழியினருக்கு அவர்கள் மொழியில் வாக்குச்சீட்டு வழங்க வேண்டும் என்கிறது. அதன்படி இக்கவுண்டியில் எசுப்பானியம், சீனம், வியட்நாமியம், தகலாகு ஆகிய மொழிகளில் வாக்குச்சீட்டுகள் வழங்கப்பட்டு வந்துள்ளன. தகுதி பெறுவதற்கான எண்ணிக்கை கணக்கெடுப்பு விவரங்களிலிருந்தே பெறப்படுகிறது.

மருத்துவத்திலும் தனிக்கணக்கின் தேவை உணரப்பட்டது. ஆசியர் அனைவருக்குமான சராசரி, ஒவ்வொரு குழுவின் குறைகளையும் மறைத்துவிடக்கூடும். கவுண்டியின் பொது நலத்துறை 2011இல் வியட்நாமியரின் உடல்நலம் குறித்துத் தனி அறிக்கை ஒன்றை வெளியிட்டது. வியட்நாமிய அமெரிக்கருக்கான சேவை மையம் 2021இல் சான் ஹொசேயில் திறக்கப்பட்டது.

2024 மார்ச்சில் கூட்டரசு தன் இன வகைப்பாட்டு விதிகளைத் திருத்தியது. இனம், எசுப்பானிய வழி ஆகியவற்றை ஒரே வினாவாக்கவும், மத்திய கிழக்கு மற்றும் வட ஆப்பிரிக்க வழியினரைத் தனி வகையாக்கவும் அத்திருத்தம் வகை செய்தது. இவ்விதிகளின்படி எடுக்கப்படும் எந்தக் கணக்கிலும், மக்கள் மாறாத இடங்களில்கூட விகிதங்கள் 2020ஆம் ஆண்டிலிருந்து வேறுபடக்கூடும்.