நாபியும் ஈப்போவும்

சித்த மருத்துவத்தில் நாபி என்றொரு சரக்கு உண்டு. வச்சநாபி, பச்சைநாவி என்றும் வழங்குவர். கன்றின் தொப்புள் எனப் பொருள்படும் வடசொல்லின் வழி வந்த பெயர் இது. கிழங்கின் வடிவம் அத்தகையது. பெயரைக் கேட்ட தமிழர் பலர். செடியைக் கண்டவர் சிலரே. நேப்பாளம், சிக்கிம் பகுதிகளின் இமயச் சாரலில், ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரக் குளிரில் அது வளர்கிறது. முக்காடிட்ட தலைபோல் நீலப்பூ பூக்கும். கோலசிலாங்கூர் வெப்பத்திற்கு அது ஏற்றதன்று.

கிழக்கு இமயத்து வேடர் இக்கிழங்கின் நஞ்சை அம்பில் தடவினர். ஜப்பானின் ஐனு மக்கள் இதன் இனச்செடி ஒன்றைக்கொண்டு கரடியையே வீழ்த்தினர்.

நம் வட சிலாங்கூருக்கு அந்தப் பூ தேவைப்படவில்லை. இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தாய் வட்டாரத்தில், 1917இல் தென்னமரம் தோட்டம் செம்பனை பயிரிட்டது. மலாயாவின் முதல் வாணிகச் செம்பனை அதுவே. ரப்பரும் செம்பனையும் வருமுன் இங்கெல்லாம் காடு. சிலாங்கூர்க் காடுகளில் வாழ்ந்த தெமுவான் மக்களின் ஊதுகுழல் அம்பில் ஈப்போ மரத்தின் பால் தடவப்பட்டது. பட்டையைக் கீறிப் பாலை வடித்து, தீயில் வாட்டிக் கெட்டியாக்குவர். பால்மரம் சீவிய நம் மக்களுக்கு இம்முறையை விளக்கவும் வேண்டுமோ! ஈப்போ நகரின் பெயரும் இம்மரத்தால் வந்ததே.

இரு நஞ்சும் இதயத்தைத் தாக்குவன. எனினும் ஈப்போ அம்பால் வீழ்ந்த விலங்கை, புண்பட்ட தசையை நீக்கி உண்டனர். நாபியோ வாய்வழி சென்றாலும் கொல்லும். அதன் சத்தான அக்கோனிட்டின் இரண்டு மில்லிகிராமே ஓர் உயிருக்குப் போதும். 1881 டிசம்பரில் லாம்சன் என்னும் அமெரிக்க மருத்துவர், சொத்துக்காகத் தம் மைத்துனனை இதனால் கொன்றார். அந்நாளில் இதைக் கண்டறியத் தக்க இரசாயனச் சோதனை இல்லை. ஆய்வாளர் ஸ்டீவன்சன், பிணத்திலிருந்து பிரித்தெடுத்ததைத் தம் நாவிலேயே வைத்துப் பார்த்தார்! நா மரத்தது, அதுவே சான்றாயிற்று. 1882 ஏப்ரலில் லாம்சன் தூக்கிலிடப்பட்டார்.

இத்தகைய நஞ்சை நம் மருத்துவர் எவ்வாறு மருந்தாக்கினர்? கோமூத்திரத்தில் ஊறவைத்தும் பாலில் வேகவைத்தும் சுத்தி செய்தனர். சீன மருத்துவரும் சிச்சுவான் பகுதியில் விளையும் இதன் இனக்கிழங்கைப் பக்குவப்படுத்தியே தருகின்றனர். நெடுநேரம் வேகும்போது அக்கோனிட்டின் சிதைந்து நஞ்சு தணிகிறது என்பதை இரசாயனம் பின்னர் விளக்கிற்று. ஆனால் உலர்ந்த கிழங்கை வீட்டில் வாங்கிக் கஷாயம் போடுபவர், அது முறையாகச் சுத்தி செய்யப்பட்டதா என்பதைப் பார்வையால் மட்டும் அறிய இயலாது. உதடும் நாவும் மரத்துப்போவது முதல் அடையாளம். உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். தனி முறிவு மருந்து இன்றும் இல்லை.