ஆவாரம்பட்டையும் கணினித் திரையும்

அன்னை ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தோலைப் பதனிட்டு, தைத்து, அவ்வருவாயைத் தர்மம் செய்தார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு முஸ்லிம்களுக்கும் தலைமுறைகளாகத் தோலே தொழில்.

ஆவாரம்பட்டையில் ஊறிய தோல் இங்கிருந்து கப்பலேறியது. காலணியின் வடிவமோ கடலுக்கு அப்பால் பிறந்தது. 1973-இல் அரசு அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்கு வரம்பிட்ட பின்னரே முழுமையான தோலும் ஷூவும் செய்யும் ஆலைகள் இங்குப் பெருகின. ஆயினும் வடிவம் பெரும்பாலும் வாங்குவோரிடமிருந்தே வந்தது.

மாதிரி வெட்டுநர் 'லாஸ்ட்' எனும் பாத அச்சின்மேல் நாடா ஒட்டி, கோடு வரைந்து, உரித்து, அட்டையில் பரப்பி வெட்டுவார். பிறகு ஒவ்வோர் அளவுக்கும் வேறு அட்டை. ஐரோப்பிய முறையில் அளவுக்கு அளவு நீளம் மூன்றில் இரண்டு சென்டிமீட்டர் கூடும். (வாரிசுரிமைப் பாடத்தில் நம் பிள்ளைகள் தடுமாறும் அதே பின்னம்!) கணினி அவ்வளவுகளை நொடியில் விரிக்கிறது, துண்டுகளைத் தோலில் நெருக்கி அடுக்கி விரயத்தையும் குறைக்கிறது.

1957-இல் தொடங்கப்பெற்ற மத்திய காலணிப் பயிற்சி நிலையம் சென்னை கிண்டியில் இதனைக் கற்பிக்கிறது. ஆனால் ஆலைகளின் தையல் கூடங்களை நிறைத்திருக்கும் நம் பெண்மக்களை அங்கு அனுப்பப் பெற்றோர் தயங்குகின்றனர். ஆலை வேன் வாசலுக்கே வருகிறது, சென்னையோ தொலைவு என்கின்றனர். நியாயமான தயக்கமே. அவ்வாறெனில் ஊர் ஜமாஅத் ஒரு கணினி அறை திறக்கலாகாதா? அட்டை வெட்டிப் பழகாதவருக்குத் திரைக்கோடு எளிதில் பிடிபடாது. அதைக் கற்பிக்க ஓய்வுபெற்ற மாதிரி வெட்டுநர்கள் நம் தெருக்களிலேயே இருக்கின்றனர்.