மீன் வகைப்பாடு: காவிரிப் படுகை மீன்கள்

உலகில் அறியப்பட்ட மீனினங்கள் 30,000க்கு மேல். தாடையற்றவை, குருத்தெலும்பு மீன்கள், எலும்பு மீன்கள் என்பவை பெரும்பிரிவுகள். தாடையற்ற லாம்ப்ரே, ஹாக் மீன்கள் தஞ்சைச் சந்தைக்கு வருவதில்லை. நாகப்பட்டினத்தில் கரையேறும் சுறாவும் திருக்கையும் குருத்தெலும்பு வகை. வயலிலும் வாய்க்காலிலும் பிடிபடுபவை அனைத்தும் எலும்பு மீன்களில் கதிர்த்துடுப்பு உடையவை.

இப்படுகை மீன்களுக்கு அறிவியல் பெயர் வந்த கதையில் தரங்கம்பாடிக்கு இடமுண்டு. அங்கிருந்த டேனிஷ் மிஷன் பாதிரியார் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் மீன்களைப் பதப்படுத்தி பெர்லினுக்கு அனுப்பினார். மருத்துவர் மார்கஸ் எலீசர் பிளாக் அவற்றை விவரித்தார். விராலுக்கு 1793இலும் தேளிக்கு 1794இலும் அவர் இட்ட சிற்றினப் பெயர்கள் (ஸ்ட்ரையேட்டா, ஃபாசிலிஸ்) இன்றும் வழங்குகின்றன.

தோற்றம் ஏமாற்றும். விலாங்கும் ஆராலும் பாம்புபோல் நீண்டவை. ஆனால் கடலில் முட்டையிடும் விலாங்கு வேறு வரிசை. ஆரால், உருவில் ஒவ்வாத விராலுக்கே நெருங்கிய உறவு. விராலும் பனையேறியும் ஒரே வரிசை. இரண்டுக்கும் செவுளுக்கு மேல் காற்றைச் சுவாசிக்கும் உறுப்புண்டு. சேற்றில் தாக்குப்பிடிக்கும் தேளிக்கும் காற்றுப் பைகள் உண்டெனினும் அது கெளுத்தி வரிசை; அத்திறன் தனியே தோன்றியது. தரங்கம்பாடியில் ஒரு பனையேறி மரத்தில் ஏறியதைக் கண்டதாக டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி 1797இல் எழுதினார். வரப்பு கடப்பது உண்மை. பனை ஏறுவதைப் பின்வந்தோர் பலர் நம்பவில்லை.

‘மீன்’ என்பதே இயற்கைக் குலமன்று: நுரையீரல் மீனுக்குக் கெண்டையைவிடத் தவளையே நெருங்கிய உறவு.