சன்பேக் அட்டையில் ஓர் இறக்கை: பெங்களூரின் விமான வரலாற்றில் விடுபட்ட பக்கம்

பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனின் மின்கம்பங்களில் 'டியூஷன்', 'பேயிங் கெஸ்ட்', 'வீடு வாடகைக்கு' என்று அறிவிக்கும் சிறு பலகைகள் கம்பியால் கட்டித் தொங்கவிடப்பட்டிருப்பதைக் காணலாம். அவற்றுள் பெரும்பாலானவை மெல்லிய நெளிவரி பிளாஸ்டிக் தகடுகள். விளம்பரத் தொழிலில் இதற்குச் 'சன்பேக்' என்று பெயர். காகிதம் ஒரு துளியும் கலவாத பொருளாயினும் தமிழ் பேசும் பலகைத் தொழிலாளர்கள் இதை 'அட்டை' என்றே அழைக்கின்றனர். அப்பெயர் பிழையன்று. 1856-இல் இங்கிலாந்தில் தொப்பிகளுக்கு உள்ளுறையாகக் காப்புரிமை பெற்ற நெளிவரிக் காகிதத்தின் வடிவத்தையே பாலிப்ரோப்பிலீனில் வார்த்தெடுத்தது இத்தகடு. இதே பொருளைக் கொண்டு வானொலி அலைகளால் இயக்கப்படும் மாதிரி விமானங்களின் இறக்கைகளைச் செய்யும் பழக்கம் கடந்த கால் நூற்றாண்டாக உலகெங்கும் உண்டு. அப்பழக்கத்தை வரலாற்று மாணவர்கள் ஏன் பொருட்படுத்த வேண்டும் என்பதே இப்பதிவின் பொருள்.

பெங்களூரின் விமான வரலாறு நிறுவனங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்த் மைசூர் அரசின் துணையோடு தொடங்கிய ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட், 1942-இல் இந்திய அறிவியல் கழகத்தில் அமைந்த வானூர்திப் பொறியியல் துறை, 1959-இல் நிறுவப்பட்ட தேசிய வானூர்தி ஆய்வகம் என்று அந்த வரிசை நீளும். மனிதர்கள் வந்தாலும் கோட்டிங்கனில் பிராண்டிலிடம் பயின்ற வி. எம். காட்டகே, ஜெர்மானியரான குர்ட் டாங்க் ஆகியோரே வருவர். கண்டோன்மென்ட்டின் தெருக்களில் வாழ்ந்து, அத்தொழிற்சாலைகளுக்குச் சென்று உலோகத் தகட்டை வெட்டிய கைகள் இவ்வரலாற்றில் பெயரற்றவை. அக்கைகள் வீடு திரும்பிய பின் என்ன செய்தன என்று எவரும் கேட்டதில்லை.

நிறுவன வரலாற்றுக்குள்ளேயே மாதிரிகளுக்கு ஓர் இடம் இருந்ததை நாம் மறந்துவிடுகிறோம். டாங்க் குழுவினர் வடிவமைத்த எச்.எஃப்.-24 மாருத் போர் விமானம் 1961 ஜூன் 17 அன்று முதன்முதலில் பறந்தது. அதற்கு ஈராண்டுகளுக்கு முன்னரே, 1959-இல், அதே வடிவில் முழு அளவில் மரத்தால் செய்யப்பட்ட எக்ஸ்-241 என்னும் கிளைடரை டகோட்டா விமானத்தின் பின்னால் கட்டி இழுத்துப் பறக்கவிட்டுச் சோதித்தனர். 78 முறை அது பறந்தது. ஒலியின் வேகத்தை எட்ட விரும்பிய விமானத்தின் நடத்தையை எஞ்சின் இல்லாத மரப்பொறியில் கற்றுக்கொண்டார்கள் என்பது எனக்கு என்றும் வியப்பளிக்கும் செய்தி. மலிவான பொருளில் முதலில் தவறு செய்து பார்ப்பது என்ற முறை பொழுதுபோக்காளர்களுக்கு மட்டும் உரியதன்று. தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவும் மாதிரி விமானக் கலையைத் தன் பயிற்சியின் ஒரு பகுதியாகவே வைத்திருக்கிறது.

அக்கலையின் மரபான பொருள் பால்சா மரம். ஈக்வடாரிலிருந்து வரும் அம்மரம் இறக்குமதி உரிமங்களின் காலத்தில் இங்கு எளிதில் வாங்கக்கூடியதாக இருந்ததில்லை. பாலிப்ரோப்பிலீனின் கதை வேறு. 1954-இல் மிலானில் ஜூலியோ நாட்டா அதை ஒழுங்கமைந்த படிகமாக உருவாக்கினார். 1963-இல் ஸீக்லருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பின்னர் அது இரட்டைச் சுவர்த் தகடாகி விளம்பரப் பலகையாயிற்று. அமெரிக்காவில் தேர்தல் முடிந்ததும் வீட்டு முற்றங்களில் மிஞ்சிய வேட்பாளர் பலகைகளை எடுத்து விமானம் கட்டியோர் உண்டு. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே 'ஸ்பேட்' என்ற பெயரில், அதாவது எளிய பிளாஸ்டிக் விமான வடிவமைப்பு என்ற பொருளில், இது ஓர் இயக்கமாகவே பரவியது. அமெரிக்கர்கள் 'கோரோபிளாஸ்ட்' என்றதை இந்திய மாதிரி விமான ஆர்வலர்கள் பலகைக் கடையில் 'சன்பேக்' என்று கேட்டு வாங்கினர்.

இறக்கை கட்டும் முறையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வரலாறு அந்த மடிப்புக்குள்தான் இருக்கிறது. தகட்டின் இரு சுவர்களுக்கிடையே நீளவாட்டில் ஓடும் குழல்களை இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்லுமாறு வைக்க வேண்டும். குழல் ஓடும் திசையில் தகடு விறைப்பாக நிற்கும். குறுக்கே எளிதில் வளையும். இறக்கைக்கு இவ்விரண்டுமே தேவை. நீளவாட்டில் அது வளையாமல் சுமையைத் தாங்க வேண்டும். அகலவாட்டில் மேற்பரப்பு வளைந்து காற்றுக்கு வடிவம் தர வேண்டும். ஒரே தகடு இரண்டையும் கூடுதல் வேலையின்றித் தந்துவிடுகிறது. முன்விளிம்பு வரவேண்டிய இடத்தில் ஓரிரு குழல்களின் உட்சுவரை மட்டும் கத்தியால் கீறினால் தகடு அங்கே மடியும். உள்ளே மர அளவுகோலையோ அலுமினியப் பட்டையையோ உத்திரமாக நிறுத்தி, மேல்மடிப்பை அதன்மீது கவிழ்த்துப் பின்விளிம்பில் ஒட்டிவிட்டால், கீழே தட்டையும் மேலே வளைவுமான இறக்கை கிடைக்கிறது. 1922-இல் வர்ஜீனியஸ் கிளார்க் வரைந்த புகழ்பெற்ற 'கிளார்க் ஒய்' வடிவத்தின் தூரத்து உறவினன் எனலாம். விலா எலும்புகள் போன்ற குறுக்குச் சட்டங்களை ஒவ்வொன்றாக அறுத்து ஒட்டும் பல மாலைகளின் வேலை ஒரே மாலையில் முடிந்துவிடுகிறது.

எய்லரானுக்குத் தனியாகக் கீல் வாங்க வேண்டியதில்லை. பின்விளிம்பருகே ஒரு குழலின் ஒரு சுவரை மட்டும் அறுத்தால் மற்றச் சுவரே கீலாகிவிடும். பாலிப்ரோப்பிலீன் பல்லாயிரம் முறை மடிந்தாலும் அறாது. ஷாம்பு புட்டியின் மூடி உடலோடு ஒட்டியபடியே திறந்து மூடுவது இப்பண்பினால்தான். தொல்லை தருவது பசை. இந்தப் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பில் எதுவும் எளிதில் ஒட்டாது. ஒட்டும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்தோ, தீச்சுடரை ஒரு நொடி தடவிச்செல்ல விட்டோ, அதன் பிறகே ஃபெவிக்விக் போன்ற பசையை இடுகின்றனர். சுடர் ஒரு கணம் கூடுதலாக நின்றால் தகடு சுருங்கி, அன்றைய வேலை வீணாகும்.

நெளிவரி என்றதும் ஹ்யூகோ யுங்கர்ஸின் உலோக விமானங்கள் நினைவுக்கு வருவது இயல்பு. 1919-இல் பறந்த எஃப் 13-இன் நெளிந்த டியூரலுமின் தோல் எல்லோரும் அறிந்த படம். ஆனால் அந்த ஒப்புமையை நான் ஏற்கமாட்டேன். யுங்கர்ஸின் நெளிவுகள் வெளியே தெரிந்தன. முன்னிருந்து பின்னாகக் காற்றோடு ஓடின. காற்றின் இழுவையையும் கூட்டின. சன்பேக்கில் நெளிவு இரு தட்டைச் சுவர்களுக்குள் மறைந்திருக்கிறது. இரு மெல்லிய தோல்களை இடைவெளிவிட்டு நிறுத்தி விறைப்புப் பெறும் உத்தி அது. அவ்வகையில் இதன் மூதாதை, பிர்ச் ஒட்டுப்பலகைகளுக்கு நடுவே பால்சாவைப் பொதிந்து கட்டிய போர்க்கால மஸ்கிட்டோ விமானமே.

இனி எடை. 4 மி.மீ. தகடு ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 700 கிராம் இருக்கும். 120 செ.மீ. நீளமும் 25 செ.மீ. அகலமும் கொண்ட இறக்கைக்கு மேலும் கீழுமாக 0.6 சதுர மீட்டர் தகடு வேண்டும். உத்திரம் நீங்கலாகவே 420 கிராம். பால்சாச் சட்டகம் இதில் பாதி எடையில் முடிந்துவிடும். 1,200 கிராமாக இருந்திருக்கக்கூடிய விமானம் 1,410 கிராமாகிறது. மிதக்கத் தேவையான குறைந்தபட்ச வேகம் எடையின் வர்க்கமூலத்தோடு கூடுவதால் ஏறத்தாழ 8 விழுக்காடு விரைவாகப் பறந்தே தரையிறங்க வேண்டும். பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றின் அடர்த்தியும் குறைவு. அது இன்னும் 5 விழுக்காட்டைச் சேர்க்கிறது. சென்னைக் கடற்கரையில் இறங்கும் பால்சா மாதிரியைவிட 13 விழுக்காடு வேகத்தோடு இங்கே ஒரு சன்பேக் விமானம் தரையைத் தொடுகிறது.

இந்த இழப்பை அறிந்தே ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதுதான் என் வாதம். இத்தகைய முயற்சிகளை 'ஜுகாட்' என்ற சொல்லால் மூடிவிடுவது நம் ஆய்வுலகின் வழக்கமாகிவிட்டது. அச்சொல் பாராட்டுவது போல் தோன்றினாலும், செய்தவரின் கணக்கை அழித்துவிடுகிறது. வறுமையால் தற்செயலாகக் கைக்கு வந்தது என்றாக்கிவிடுகிறது. பால்சா இறக்கை மூக்குக் குத்தி விழுந்தால் நொறுங்கும். சன்பேக் இறக்கை மடங்கும். நிமிர்த்தி, உத்திரத்தை மாற்றி, அன்றே மீண்டும் பறக்கவிடலாம். பறக்கக் கற்பவனுக்கு அடுத்த முயற்சிக்கு ஆகும் காலமே முதன்மையானது. எடையைக் கொடுத்துக் காலத்தை வாங்கும் இம்முடிவை ஒரு பொறியாளர் எடுத்திருந்தால் 'வடிவமைப்புத் தத்துவம்' என்று ஆய்வேட்டில் ஓர் இயல் ஒதுக்கியிருப்போம்.

இவ்வரலாற்றுக்கு ஆவணக் காப்பகம் கிடையாது. எக்ஸ்-241-க்குப் பறப்புக் குறிப்புகள் உண்டு. சன்பேக் இறக்கைக்கு வரைபடம்கூட இருப்பதில்லை, பென்சில் கோடுகள் மடிப்பின் உட்புறத்தில் இருக்கும். வெயிலில் கிடந்த பாலிப்ரோப்பிலீன் புறஊதாக் கதிரால் நொறுங்கிவிடுவதால் மொட்டைமாடியில் போட்டது சில ஆண்டுகள்கூடத் தாங்காது. ரிச்சர்ட்ஸ் டவுன், குக் டவுன், ஃபிரேசர் டவுன் பகுதிகளில் வாழ்ந்த அல்லது வாழும் நண்பர்கள், மாணவர் படையில் மாதிரி விமானம் கட்டியவர்கள், பரண்மேல் பழைய இறக்கை ஏதேனும் இருந்தால் தூக்கி எறியுமுன் படமெடுத்து வையுங்கள். வெளித்தோற்றம் மட்டும் போதாது. குழல் ஓடும் திசை, உத்திரமாக வைத்த பொருள், முன்விளிம்பில் எத்தனை குழல்கள் கீறப்பட்டுள்ளன, உள்ளே எழுதிய அளவுகள் அங்குலத்திலா சென்டிமீட்டரிலா என்பனவும் தெரிய வேண்டும். தகட்டின் மறுபுறம் பழைய விளம்பரம் அச்சாகியிருந்தால் அதையும் விடாதீர்கள். ஆண்டைக் கணிக்க அதுவே உதவக்கூடும்.