நூலுக்கு மதிப்பிடும் முறை

மதுரைப் பொற்றாமரைக் குளத்தில் சங்கப் பலகையொன்று மிதந்ததென்றும், தகுதியுள்ள நூலுக்கு மட்டுமே அது இடங்கொடுத்ததென்றும் ஒரு கதை நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கி வருகிறது. கேட்பதற்கு இனிய கதைதான். ஆனால், பலகை தீர்ப்பளிக்குமென்று காத்திருக்கும் சமூகத்தில் படிப்பவன் தன் அறிவுக்கு வேலை கொடுப்பதேயில்லை. நூலின் தரத்தை அறிந்து கூறவேண்டியவன் அதைப் படித்த மனிதனே. அவன் எவ்வாறு மதிப்பிடுகிறான், எங்கே தவறுகிறான் என்பதே இங்கு நாம் ஆராயப் புகுந்த விஷயம்.

நம்முடைய தவற்றையே முதலில் ஒப்புக்கொண்டு விடுகிறோம். சுங்கை வேயில் குடியிருந்து, தோட்டத்துக் கிராணி உத்தியோகம் பார்க்கும் நாம் ஆங்கிலத்திலேயே கல்வி பயின்றோம். படித்த புத்தகங்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் இட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைப்பது நம் வழக்கம். ஒருநாள் தோட்டத்து நண்பர் ஒருவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கிராணி ஐயா, இங்கிலீஷ் புத்தகத்துக்கெல்லாம் நாலும் அஞ்சும் போட்டிருக்கீங்க. தமிழ்ப் புத்தகத்துக்கு ரெண்டுக்கு மேலே காணோமே, என்ன குறை கண்டீங்க?" என்று கேட்டார். நமக்கு விடை தோன்றவில்லை. அவற்றுள் பாதியை நாம் முடிய வாசித்ததேயில்லை! நாம் மதிப்பெண் இட்டது நூலுக்கன்று. அது எழுதப்பட்ட மொழிக்கு.

நிற்க. நம்மினும் ஆயிரம் மடங்கு கற்ற ஒருவரும் இத்தகைய கேள்வியொன்றை எதிர்கொள்ள நேர்ந்த வரலாறு தமிழிலே உண்டு. 1880-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 21-ஆம் தேதி, கும்பகோணம் காலேஜில் தமிழாசிரியராயிருந்த உ. வே. சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். ஐயருக்கு அப்போது வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பல்லாண்டு பாடங்கேட்டவர். என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர் என்று முதலியார் வினவ, அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, உலா, புராணம் என்று ஐயர் அடுக்கிக்கொண்டே போனார். முதலியாருக்கு அதில் வியப்புண்டாகவில்லை. சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றைப் படித்ததுண்டா என்று அவர் கேட்டார். ஐயர் அவற்றைப் படித்ததில்லை. பின்னர் சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதியொன்றை ஐயரிடம் கொடுத்து, தமக்குப் பாடஞ் சொல்லுமாறு முதலியார் கேட்டுக்கொண்டார்.

இந்நிகழ்ச்சியில் நாம் கருதற்பாலது யாதெனில், அதுவரை ஐயர் கைக்கொண்டிருந்த அளவுகோல் அவர் தேடிச் செய்துகொண்டதன்று. அக்காலத்து மடங்களும் வித்துவான்களும் கைமாற்றிக் கொடுத்தது. எத்தனை நூல்கள் பாடங்கேட்டோம், அவை எத்துணைக் கடினமானவை என்பதே அக்காலப் புலமைக்கு அளவு. தம் அளவுகோல் போதாதென்று கண்டவுடன் ஐயர் சினங்கொள்ளவில்லை. சிந்தாமணியை ஒதுக்கித் தள்ளவுமில்லை. விளங்காத இடங்களின் பொருளறிய, கும்பகோணத்திலிருந்த சமணர்களை நாடிச் சென்று அவர்தம் சமயக் கருத்துக்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். சைவராகிய ஒருவர் சமண நூலை அச்சிடலாமா என்று குறை கூறியோரும் உண்டு. அவர்கள் நூலைப் படித்துக் குறை கண்டவர்களா? அல்லர். நூலாசிரியரின் மதத்தைப் பார்த்தே குறை கண்டவர்கள். ஐயரோ ஏழாண்டு உழைத்து, 1887-இல் சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையுடன் வெளியிட்டார். அதன்பின் 1889-இல் பத்துப்பாட்டும், 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும், 1898-இல் மணிமேகலையும் அவர் கையால் வெளிவந்தன. ஒரு வாசகரின் நேர்மையான கேள்வியும், மற்றொரு வாசகரின் பணிவும் சேர்ந்து செய்த காரியம் இது.

கடல் கடந்த நம் நாட்டிலும் இக்கேள்வி எழாமலில்லை. 1924-இல் கோலாலம்பூரில் தோன்றிய 'தமிழ் நேசன்' பத்திரிகையில், 1950-51-இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும், முறையே கந்தசாமி வாத்தியார், வானம்பாடியார் என்னும் புனைபெயர்களில், கதை வகுப்பு நடத்தினார்கள். கதையெழுத முன்வந்தோருக்கு இன்னது நிறை, இன்னது குறை என்று எடுத்துக்காட்டும் வழக்கம் அதனால் இங்கு பரவிற்று. பிறகு அதே பத்திரிகையின் ஆசிரியப் பொறுப்பில் 1957 வரை இருந்த கு. அழகிரிசாமி, கதையின் தரத்தை வற்புறுத்தி நம் எழுத்தாளர்களுக்கு வழிகாட்டினார். புகழ்ச்சியையும் இகழ்ச்சியையும் காரணத்தோடு சொல்லவேண்டுமென்பதே இம்முயற்சிகளால் நாம் கற்ற பாடம்.

தோட்டத்தாருக்கு இது புதிதன்று. புகையில் உலர்த்திய ரப்பர் தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, உள்ளே குமிழி உண்டா, தூசி உண்டா, பூஞ்சணம் பிடித்ததா என்று பார்த்து, ஒன்று முதல் ஐந்து வரை தரம் பிரிப்பது வழக்கம். எந்தச் சாதியான் வெட்டிய பால், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவன் உருட்டிய தாள் என்று அங்கே எவரும் கேட்பதில்லை. ரப்பருக்குக் காட்டும் நியாயத்தை நூலுக்குக் காட்டலாகாதா? முடியப் படித்தோமா? ஆசிரியர் செய்ய முயன்றது இன்னதென்று உணர்ந்தோமா? நம் மதிப்புக்குக் காரணத்தை நூலிலிருந்தே எடுத்துக்காட்ட முடியுமா? இம்மூன்று கேள்விகளுக்கும் விடையளித்த பிறகே மதிப்பெண் இடுதல் வேண்டும்.

அந்த நோட்டுப் புத்தகத்தின் பழைய எண்களையெல்லாம் நாம் அடித்துவிட்டு, தமிழ் நூல்களை முதலிலிருந்து படிக்கத் தொடங்கியிருக்கிறோம். சிலவற்றின் மதிப்பு நான்காக உயர்ந்தது. சில, இரண்டாகவே நின்றன. ஆயினும் இப்போது ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் காரணம் எழுதப்பட்டிருக்கிறது. நண்பர் மறுபடியும் வந்து கேட்டால் நாம் தலைகுனிய வேண்டியதில்லை.